இடைநிற்றலும் நேர்நிற்றலும்: 'அக்கினிச் சிறகுக'ளில் இராமேசுவரத்து நண்பர்களின் இறைமை உரையாடல்

ஆய்வுச் சுருக்கம்

ஏ.பி.ஜெ. அப்துல் கலாமின் தன்வரலாறான 'அக்கினிச் சிறகுகள்' இராமேசுவரத்துச் சமய நல்லிணக்கத்தின் ஆவணமாகவே பெரிதும் வாசிக்கப்பட்டு வருகிறது. அந்நூலின் இளமைப் பருவப் பகுதிகளில் இறைவன், வழிபாடு, துன்பம், வாழ்வின் பொருள் ஆகியன குறித்து நெருங்கியவர்களிடையே நிகழும் உரையாடல்களை இக்கட்டுரை மீள்வாசிப்புச் செய்கிறது. எல்லா வழிபாடும் ஓரிடத்தையே சேர்கின்றன என்ற கருத்தில் நூலில் யாருக்கும் ஐயமில்லை. மனிதனுக்கும் இறைவனுக்கும் இடையே மற்றொருவர் நிற்க வேண்டுமா என்பதே அங்கு உண்மையில் விவாதிக்கப்படும் வினா. இவ்வினாவுக்குத் தந்தை ஜைனுலாபுதீன், நண்பர் அகமது ஜலாலுதீன் ஆகியோரின் வழி கிடைக்கும் இருவேறு விடைகளையும், அவை ஒரு மரணத்தின் முன் சந்திக்கும் விதத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: அக்கினிச் சிறகுகள், இராமேசுவரம், இடைநிற்றல், சமரசம், துஆ, தன்வரலாறு.

முன்னுரை

1999 இல் ஆங்கிலத்தில் அருண் திவாரியின் துணையுடன் எழுதப்பட்டு வெளிவந்து, பின்னர்த் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுப் பரவலாகப் படிக்கப்பட்ட நூல் 'அக்கினிச் சிறகுகள்'. அறிவியலாளர் ஒருவரின் பணி வரலாறாகவே இந்நூல் அமைந்துள்ளது. எனினும் அதன் தொடக்கப் பக்கங்களில் விரியும் இராமேசுவரமே வாசகர் நினைவில் நெடுநாள் நிற்கிறது. பள்ளிவாசல் தெருவில் ஓர் இல்லம், பத்து நிமிட நடைத் தொலைவில் சிவன் கோயில், மாலைதோறும் மணற்கரையில் நடந்தபடி இறைவனைப் பற்றிப் பேசும் இருவர் என அப்பகுதி அமைகிறது.

இப்பகுதியைப் பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் ஒரே முடிவை வந்தடைகின்றன. கோயில் அர்ச்சகரும் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் படகுக்காரரும் நண்பர்களாக இருந்தனர். ஆகவே இராமேசுவரம் நல்லிணக்கத்தின் நிலம் என்பது அம்முடிவு. இம்முடிவு பிழையானதன்று. ஆனால் அது நூலை ஒரு வாக்கியம் முன்னதாகவே மூடிவிடுகிறது. கோயிலில் செய்யப்படும் வழிபாடும் பள்ளிவாசலில் செய்யப்படும் வழிபாடும் ஒரே இடத்தைச் சேர்வதில் தமக்கு ஒருபோதும் ஐயம் இருந்ததில்லை என்று கூறும் கலாம், உடனே மற்றொன்றைச் சொல்கிறார். ஜலாலுதீனுக்கு மட்டும் இறைவனோடு தனியானதொரு தொடர்பு இருக்கிறதோ என்பதே அச்சிறுவனின் வியப்பு. முதல் கூற்று மேடைகளில் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுகிறது. இரண்டாவது கூற்று கவனம் பெறவில்லை. அதன் மெய்யியல் எடையை அறிவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாதம், சமரசம், உரையாடல்

தமிழில் சமய விவாதத்திற்கு நெடிய வரலாறு உண்டு. மணிமேகலையின் 27 ஆவது காதையில் வஞ்சி நகரில் பல சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைத் தலைவி கேட்டறிகிறாள். நீலகேசியில் தலைவி ஊர் ஊராகச் சென்று மாற்றுச் சமயத்தாரை வாதில் வெல்கிறாள். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் உலோகாயதம் தொடங்கிப் பிறர் கொள்கைகளைப் பரபக்கத்தில் மறுத்து, தன் கொள்கையைச் சுபக்கத்தில் நிறுவுகிறது. கேட்போர் எவராயினும், வாதத்தின் முடிவில் ஒருவர் நிலைபெறுவதும் மற்றவர் விலகுவதும் பெரும்பாலும் இம்மரபின் இயல்பு.

இதற்கு மாற்றாக அமைந்தது சமரச மரபு. இராமநாதபுரம் பகுதிக்கு இம்மரபோடு நேரடி உறவு உண்டு. தாயுமானவரின் சமாதி இராமநாதபுரத்து இலட்சுமிபுரத்தில் உள்ளது. தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் 1792 இல் பிறந்த குணங்குடி மஸ்தான் சாகிபு, தாயுமானவரைப் போன்றே பராபரக்கண்ணி பாடினார். முகியித்தீன் சதகமும் அவர் இயற்றியதே. கண்ணியில் பரம்பொருளை நேர்நின்று விளிப்பவர், சதகத்தில் ஞானகுருவை நாடி நிற்கிறார். ஆகவே, இறைவனை நேரே அணுகுவதா, ஒருவர் வழியே அணுகுவதா என்ற வினா இந்நிலத்துக்குப் புதிதன்று. ஒரே புலவரின் தொகுப்புக்குள் இரு வழிகளும் பகைமையின்றி இடம்பெற்றுள்ளன.

'அக்கினிச் சிறகுக'ளின் உரையாடல்கள் இவ்விரு மரபிலும் முழுமையாக அடங்குவதில்லை. இங்கே வெல்வோர் இல்லை. வேறுபாடுகளை மேலானதோர் உண்மையில் கரைத்துவிடும் முயற்சியும் இல்லை. ஒருவரையொருவர் நன்கறிந்த, நாளையும் சந்திக்கப் போகிற மனிதர்கள் பேசுகிறார்கள். முடிவு காணப்படாத வினாவை அவர்கள் மறுநாள் மாலைக்கு எடுத்துச் செல்ல முடிகிறது.

சொற்களற்ற காட்சி

நூலில் மிகுதியும் புகழ்பெற்ற நட்பு, ஜைனுலாபுதீனுக்கும் இராமேசுவரம் கோயிலின் தலைமை அர்ச்சகர் பட்சி லட்சுமண சாஸ்திரிக்கும் இடையிலானது. தத்தம் மரபுக்குரிய உடையணிந்து இருவரும் ஆன்மிகம் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது தம் இளமையின் தெளிவான நினைவுகளுள் ஒன்று எனக் கலாம் குறிக்கிறார். இக்குறிப்பில் இருவர் பேசுவது தெரிகிறது, உடை தெரிகிறது, பேச்சு மட்டும் கேட்கவில்லை. அவ்விருவரும் எதில் உடன்பட்டனர், எதில் மாறுபட்டனர் என்பதற்கு நூலில் ஒரு சொல்லும் இல்லை.

சிறுவனின் நினைவுக்கு இது இயல்பே. பெரியவர்கள் பேசுவதைத் தொலைவிலிருந்து பார்க்கும் பிள்ளைக்குக் காட்சிதான் முதலில் பதியும். ஆனால் இச்சொல்லின்மையே அக்காட்சியைப் பின்னாளில் ஓர் அடையாளச் சின்னமாக மாற்றுவதற்கு இடமளித்தது. பேச்சின் உள்ளடக்கம் தெரியாதபோது, பேசினார்கள் என்ற செய்தியே போதுமானதாகிவிடுகிறது.

இம்மாற்றத்தைக் கலாமின் எழுத்துகளுக்குள்ளேயே காணலாம். புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர் அர்ச்சகரின் மகன் ராமநாதனுக்கு அருகே முஸ்லிம் சிறுவன் அமர்ந்திருப்பதைப் பொறாது, அவனைப் பின்வரிசைக்கு அனுப்பிய நிகழ்ச்சி 1999 ஆம் ஆண்டு நூலில் இடம்பெறுகிறது. அங்கே ஆசிரியரை அழைத்துக் கண்டிப்பவர் லட்சுமண சாஸ்திரி. 2013 இல் வெளிவந்த 'எனது பயணம்' நூலில் இதே நிகழ்ச்சி, பரந்த உள்ளம் கொண்ட மூவர் ஒரு சிக்கலைத் தீர்த்த கதையாகத் தலைப்பிடப்பட்டு விரிகிறது. சாஸ்திரி, ஜைனுலாபுதீன், அருட்தந்தை போடல் என்ற மூவர் அங்கே இணைகின்றனர். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்ற முக்கோணம் நிறைவு பெறுகிறது. முந்தைய கூற்றில் ஒரு தந்தையின் சினம் இருந்தது. பிந்தைய கூற்றில் ஓர் அவையின் தீர்ப்பு இருக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் கலாம் 2002 முதல் 2007 வரை நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தார் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. தனிநட்பு நாட்டிற்கான பாடமாக வளர்ந்தபோது, அதன் விவாதத் தன்மை மேலும் பின்னுக்குச் சென்றது.

தந்தையின் இரு விடைகள்

சொற்களோடு பதிவான உரையாடல், தந்தைக்கும் மகனுக்கும் இடையே நிகழ்வது. தொழுகை முடிந்து ஜைனுலாபுதீன் பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது, பல சமயத்தவரும் கிண்ணங்களில் நீரேந்திக் காத்திருப்பர். அவர் விரல்நுனியை நீரில் தோய்த்து ஓதுவார். அந்நீர் நோயாளிகளுக்குக் கொண்டு செல்லப்படும். நலம்பெற்றோர் நன்றி சொல்ல வரும்போது, இறைவனுக்கு நன்றி சொல்லுமாறு அவர் புன்னகையோடு கூறுவார்.

இதைக் கண்டு வளர்ந்த மகன், வழிபாட்டால் ஆவதென்ன என்று தந்தையிடம் கேட்கிறான். அதில் மறைபொருள் ஏதுமில்லை, மனிதர்களிடையே உள்ளங்களின் ஒன்றிப்பை அது இயலச் செய்கிறது, உடல், செல்வம், வயது, சாதி, சமயம் என்ற எல்லைகளை அது கடக்க வைக்கிறது என்பது தந்தையின் முதல் விடை. சமரச வாசிப்பு இவ்விடையோடு நிறைவடைந்துவிடும். ஆனால் மகன் மற்றொரு வினாவை எழுப்புகிறான். உதவி நாடி வருவோரிடம் இதை ஏன் சொல்வதில்லை?

நூலின் மிகக் கூர்மையான வினா இதுவே. தந்தையின் கொள்கைக்கும் செயலுக்கும் இடையிலான வெளியை அது தொட்டுவிடுகிறது. ஜைனுலாபுதீன் மகனின் தோள்களில் கைகளை வைத்து, சிறிது நேரம் பேசாதிருந்து, தாழ்ந்த குரலில் விடை தருகிறார். தனிமையுற்ற மனிதன் துணை தேடுகிறான். இடருற்றவன் உதவி செய்வாரைத் தேடுகிறான். தம்மிடம் வருவோருக்குத் தாம் ஓர் இடையாள் மட்டுமே. தீய ஆற்றல்களைத் தணிக்க அவர்கள் மேற்கொள்ளும் முயற்சியில் தாம் நடுவே நிற்கிறார். ஆனால் இந்த அணுகுமுறை சரியானதன்று, பின்பற்றத்தக்கதும் அன்று. அச்சத்தின் வழியே விதியைப் பார்ப்பதற்கும், நிறைவுக்குத் தடையாக நம்முள்ளே இருக்கும் பகையைக் கண்டறிவதற்கும் உள்ள வேறுபாட்டை உணர வேண்டும் என அவர் முடிக்கிறார்.

ஊரார் நம்பிக்கையோடு நாடிவரும் ஒருவர், அந்நாட்டமே பிழை எனத் தம் மகனிடம் ஒப்புக்கொள்ளும் இடம் இது. இதனைப் படிநிலைக் கோட்பாட்டால் விளக்க முயலலாம். சைவ சித்தாந்தம் சரியை, கிரியை, யோகம், ஞானம் எனவும், சூபி மரபு ஷரீஅத், தரீக்கத், ஹகீகத், மஃரிபத் எனவும் நெறிகளை அடுக்குகின்றன. எளியோர்க்கு ஒரு படி, முதிர்ந்தோர்க்கு ஒரு படி என்று கொண்டால் முரண் நீங்கிவிடும். ஆனால் ஜைனுலாபுதீனின் விடை அவ்வளவு வசதியானதாக இல்லை. கீழ்ப்படி என்று அவர் சொல்லியிருந்தால் அது ஏற்புடைய படியாகவே இருந்திருக்கும். சரியன்று என்றல்லவா சொல்கிறார்! எனினும் மறுநாளும் கிண்ணங்கள் வந்திருக்கும். அவர் விரல் தோய்த்திருப்பார். கொள்கையளவில் மறுப்பதையும் இரக்கத்தால் தொடரும் ஒரு மனிதரை நூல் காட்டுகிறது. அவரை மகன் குறைகூறவில்லை. அம்முரணை விளக்கிச் சமன்செய்யவும் இல்லை.

ஐயங்களை இறைவனிடமே தருதல்

ஜலாலுதீன் கலாமைவிட ஏறத்தாழ 15 ஆண்டு மூத்தவர். பின்னாளில் கலாமின் தமக்கை ஜோஹராவை மணந்தவர். உறவும் வயதும் இடையிட்டபோதும் அவரை நெருங்கிய நண்பர் என்றே நூல் அறிமுகப்படுத்துகிறது. பள்ளிவாசல் தெருவிலிருந்து புறப்பட்டு மணற்கரை நோக்கிச் செல்லும் மாலை நடையில் இருவரும் பெரும்பாலும் ஆன்மிகமே பேசினர். முதலில் சிவன் கோயிலை அடைந்து, தொலைதூரத்திலிருந்து வந்த யாத்திரிகர் எவருக்கும் குறையாத பணிவோடு அதை வலம்வந்து, பின் கடலை நோக்கி நடப்பது அவர்களின் வழக்கம்.

இறைவனோடு கூட்டாகத் தொழில் நடத்துபவரைப் போல ஜலாலுதீன் பேசுவார் என்பது கலாமின் கணிப்பு. அருகே நிற்கும் ஒருவரிடம் சொல்வதுபோல் தம் ஐயங்களையெல்லாம் அவர் இறைவனிடம் ஒப்படைப்பார். இங்கே 'ஐயம்' என்பது கருதத்தக்கது. கிண்ணமேந்தி வருவோர் இறைவனிடம் வேண்டுதல்களைத் தருகின்றனர். ஜலாலுதீன் ஐயங்களைத் தருகிறார். அளவையியல் மரபில் ஐயம் என்பது காட்சி, கருதல், உரை முதலிய அளவைகளால் நீக்கப்பட வேண்டியது. அது நீங்கிய பின்னரே பொருளுண்மை துணியப்படும். ஜலாலுதீனிடம் இவ்வரிசை மாறிவிடுகிறது. எவர் பற்றிய ஐயமோ அவரிடமே அது கொடுக்கப்படுகிறது. ஐயம் இங்கே நம்பிக்கையின் எதிர்ச்சொல்லாக இல்லை. நெருக்கத்தின் உரிமையாக இருக்கிறது. நண்பரிடம்தான் ஒருவன் குறைப்பட்டுக்கொள்ள முடியும்.

தந்தை வாயால் மறுத்த இடைநிற்றலை ஜலாலுதீன் நடையால் கடந்துவிட்டார் என்பதே சிறுவனின் வியப்புக்குக் காரணம். கடலாடிச் சடங்கு செய்யும் யாத்திரிகர் கூட்டத்தையும் அருகில் நிற்கும் நண்பரையும் அவன் மாறி மாறிப் பார்க்கிறான். எல்லோரும் ஒருவரையே நாடுகிறார்கள் என்பதில் அவனுக்கு ஐயமில்லை. ஆனால் எல்லோரும் ஒரே அளவு அருகில் இருக்கிறார்களா? சமயங்களுக்கு இடையிலான வேறுபாட்டைவிட, ஒரே சமயத்துள் மனிதருக்கு மனிதர் உள்ள அணுக்கத்தின் வேறுபாடே அவனை அலைக்கழிக்கிறது. இந்நூல் எழுப்பும் மெய்யியல் சிக்கல் இதுவே.

இடைநிற்போரின் தீவு

இவ்வினா இராமேசுவரத்தில் எழுவதற்கு அவ்வூரின் வாழ்வியலும் காரணமாகிறது. இருபத்திரண்டு தீர்த்தங்களில் நீராடிக் கோயிலை அடையும் யாத்திரிகருக்கு ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் துணை நிற்பார். தீர்த்த நீரை முகந்து ஊற்றுவோர், சடங்கு செய்விப்போர், தங்குமிடம் காட்டுவோர் எனப் பலர். ஜைனுலாபுதீனின் தொழிலும் இதனோடு இயைந்தது. யாத்திரிகரைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் சென்று திரும்ப அவர் மரப்படகு கட்டினார். ஜலாலுதீனும் அப்பணியில் உடனிருந்தார். சீதாராமர் திருக்கல்யாணத்தின்போது, கோயிலிலிருந்து வரும் திருவுருவங்களை இராமதீர்த்தக் குளத்தின் நடுவிலுள்ள மணமேடைக்குக் கொண்டு செல்லத் தனி மேடையமைத்த படகுகளை அக்குடும்பமே ஏற்பாடு செய்தது. இறைவனை நாடி வந்தோரை மட்டுமன்றி இறைவன் திருவுருவையும் அவர்கள் அக்கரை சேர்த்தனர்.

ஜலாலுதீனும் ஓர் இடையாளே. குடும்ப வறுமையால் அவரது கல்வி தொடரவில்லை. எனினும் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் தீவில் அவர் ஒருவரே என்பதால், வேண்டுவோர்க்கெல்லாம் கடிதம் எழுதித் தந்தார். அரசு அலுவலகத்துக்கும் மக்களுக்கும் இடையே நின்ற இவர், இறைவனுக்கும் தமக்கும் இடையே எவரையும் நிறுத்தவில்லை. பிறருக்காக விண்ணப்பம் எழுதியவர் தமக்கென விண்ணப்பம் எழுதாமல் நேரே சென்று பேசினார் எனலாம். நூல் இத்தொடர்பை வெளிப்படையாகச் சுட்டவில்லை; ஆயினும் இரு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறது.

மொழி என்னும் இடையாள்

சிக்கலான ஆன்மிகக் கருத்துகளையும் எளிய, மண்ணோடு ஒட்டிய தமிழில் தந்தையால் சொல்ல முடிந்தது என்கிறார் கலாம். அத்தமிழ் நூலில் இல்லை. தமிழில் நிகழ்ந்த உரையாடல் ஆங்கிலத்தில் நினைவுகூரப்பட்டு, மற்றொருவர் துணையுடன் எழுத்தாகி, மொழிபெயர்ப்பாளர் வழியே தமிழுக்குத் திரும்பியுள்ளது. இடைநிற்றலைக் கேள்விக்குள்ளாக்கும் உரையாடலே இத்தனை இடையாள்களைக் கடந்து நம்மை அடைகிறது.

இதனால் விளையும் இழப்பைக் கலைச்சொல் ஒன்றைக் கொண்டே காணலாம். தமிழ் முஸ்லிம்களின் வழக்கில் தொழுகை வேறு, துஆ வேறு. தொழுகை வேளை வரையறுக்கப்பட்ட கடமை. துஆ மனிதன் தன் தேவையை இறைவனிடம் முறையிடுவது. நோயாளிக்காக நீரை ஓதித் தருவது மூன்றாவதொரு செயல். பிறருக்காக ஒருவர் முறையிடுவது. ஆங்கிலம் இம்மூன்றையும் ஒரே சொல்லால் குறித்துவிடுகிறது. மகன் எதைப் பற்றிக் கேட்டான்? தந்தையின் முதல் விடை தோளோடு தோள் நின்று தொழும் தொழுகைக்குப் பொருந்துகிறது. இரண்டாம் விடை ஓதிய நீருக்குப் பொருந்துகிறது. சொற்களைப் பிரித்துப் பார்த்தால் தந்தையின் கூற்றுகளுக்கிடையே தோன்றும் முரண் ஓரளவு தெளிவடைகிறது. உள்ளங்கள் ஒன்றும் தொழுகையை அவர் போற்றுகிறார். அச்சத்தால் பிறரை ஏவும் முறையீட்டையே மறுக்கிறார். வட்டார வழக்கும் சமூக வழக்கும் அறிந்த தமிழ் ஆய்வு இந்நூலுக்கு அளிக்கக்கூடிய பங்களிப்பு இத்தகையதாகும்.

நூல் பேசாத இடங்கள்

உரையாடல்களை மதிப்பிடும்போது அவை தவிர்த்தவற்றையும் கருத வேண்டும். தந்தையின் படகைப் புயல் கொண்டுபோன செய்தி இளமைப் பருவப் பக்கங்களில் வருகிறது. அதே இடத்தில் பயணிகளுடன் தொடர்வண்டி செல்கையில் பாம்பன் பாலம் வீழ்ந்ததாகவும் சொல்லப்படுகிறது. இக்கூற்று தனுஷ்கோடியை அழித்த 1964 திசம்பர்ப் புயலை நினைவூட்டுகிறது. அப்புயலில் தொடர்வண்டியைக் கடல் கொண்டது தனுஷ்கோடியை அடுத்த பகுதியில். பாலம் சேதமுற்றது தனிச் செய்தி. 1931 இல் பிறந்த கலாமுக்கு அப்போது வயது 33. நினைவு இரு காலங்களை ஒன்றாக்கியிருக்கலாம். கால வரிசையைவிடக் கருதத்தக்கது, இவ்வழிவு எந்த உரையாடலிலும் வினாவாக எழவில்லை என்பது. யாத்திரிகரைச் சுமந்த படகை, மனிதர் நிறைந்த வண்டியைக் கடல் ஏன் கொண்டுபோக வேண்டும்? இறைமையியலின் பழைய வினாவான இதனை நூல் கடலின் பேராற்றல் வெளிப்பட்ட தருணமாக மட்டும் குறித்துக் கடந்துவிடுகிறது. ஐயங்களை இறைவனிடம் தரும் ஜலாலுதீன் இந்த ஐயத்தைத் தந்தாரா என்பது வாசகருக்குச் சொல்லப்படவில்லை.

பெண்கள் இவ்வுரையாடல்களில் இல்லை என்பது மற்றொரு மௌனம். தாயும் பாட்டியும் இராமாயண நிகழ்ச்சிகளையும் நபிகளின் வாழ்வையும் உறங்கும் வேளையில் கதையாகச் சொன்னவர்கள்; விவாதத்தில் இடம்பெறவில்லை. ஆயினும் நூலின் திருப்பங்கள் சில அவர்கள் கைகளாலேயே நிகழ்கின்றன. சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்வதற்கான பணத்துக்குத் தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகுவைத்தவர் ஜோஹரா. அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் தம் மாணவனை உணவுக்கு அழைத்தபோது, அவர் மனைவி முஸ்லிம் சிறுவனுக்கு அடுக்களையில் பரிமாற மறுத்தார். ஐயரே பரிமாறி உடனமர்ந்து உண்டார். அடுத்த வாரம் மீண்டும் அழைத்தார். இம்முறை அவ்வம்மையார் சிறுவனை அடுக்களைக்குள் அழைத்துத் தம் கையால் பரிமாறினார். முதல் நாள் ஐயர் இருவருக்கும் இடையே நின்றார். மறுவாரம் நிற்கத் தேவையிருக்கவில்லை. இடைநிற்றல் தன்னை விலக்கிக்கொள்ளும்போது நிறைவடைகிறது என்பதை இவ்வடுக்களைக் காட்சி எந்த வாதமுமின்றி உணர்த்துகிறது. ஆனால் அவ்வம்மையார் அந்த ஒரு வாரத்தில் என்ன எண்ணினார் என்பதும் எழுதப்படவில்லை.

கைப்பற்றுதல்

இருவேறு விடைகளும் சந்திக்கும் இடம் ஜலாலுதீனின் மரணம். கலாம் செயற்கைக்கோள் ஏவுகலத் திட்டத்தில் ஆழ்ந்திருந்த காலத்தில் அச்செய்தி வருகிறது. இரவெல்லாம் பேருந்துகள் மாறி மாறிப் பயணம் செய்து அவர் இராமேசுவரம் அடைகிறார். அடக்கம் முடிந்த பின் தந்தை நெடுநேரம் அவர் கைகளைப் பற்றியிருக்கிறார். இருவர் கண்ணிலும் நீரில்லை. இறைவன் நிழலை நீட்டுவதையும், இரவைப் போர்வையாகவும் உறக்கத்தை ஓய்வாகவும் ஆக்கியிருப்பதையும் தந்தை எடுத்துரைத்து, ஜலாலுதீன் நீண்ட உறக்கத்துள் சென்றுவிட்டார் என்கிறார். திருக்குர்ஆனின் 25 ஆவது அத்தியாயமான அல்ஃபுர்க்கானில் வரும் கருத்துகளே இவை.

முன்பு வழிபாட்டைப் பற்றிப் பேசியபோது தந்தை மகனின் தோள்களில் கைகளை வைத்தார். அன்று தம் சொற்களால் விடை சொன்னார். தாம் இடையாளாக இருப்பது சரியன்று என்றார். இன்று மறைநூலின் கருத்தைக் கடன்பெற்றுப் பேசுகிறார். வேதத்துக்கும் மகனின் துயருக்கும் இடையே தாமே வந்து நிற்கிறார். இறைவனோடு நேரே பேசிய நண்பர் இப்போது இல்லை. அவரில்லாத வெற்றிடத்தில் மகனுக்கு ஓர் இடையாள் தேவைப்படுகிறது. தந்தை தம் பழைய கூற்றிலிருந்து பின்வாங்கிவிட்டார் என்று இதற்குப் பொருள்கொள்ள வேண்டியதில்லை. அன்று அவர் மறுத்தது அச்சம் தேடும் இடையாளை. இன்று அவர் நின்றது அன்பின் பொருட்டு. இவ்வேறுபாட்டை நூல் கருத்தாக விளக்கவில்லை. இருமுறை வரும் உடற்செயல்களால் காட்டுகிறது.

எனினும் அவ்விடை மகனுக்கு முழுமையாகப் போதவில்லை என்பதையும் கலாம் மறைக்கவில்லை. பணிக்குத் திரும்பிய பின்னும் எல்லாம் பயனற்றவை என்ற உணர்வு அவரைப் பல நாள் சூழ்ந்திருந்தது. பேராசிரியர் சதீஷ் தவானுடன் நீண்ட உரையாடல்கள் நிகழ்கின்றன. பணியின் முன்னேற்றமே ஆறுதல் தரும் என்பது அவர் கூறியது. இறைவனைப் பற்றிய வினா வாழ்வின் பொருள் பற்றிய வினாவாகத் திரிந்து, மணற்கரையிலிருந்து பணிக்களத்துக்கு இடம்பெயர்கிறது. 1976 இல் தந்தையும் மறைய, அவரைத் தொடர்ந்து தாயும் மறைகிறார். 1980 சூலை 18 அன்று எஸ்.எல்.வி.-3 விண்ணில் வெற்றிகரமாக எழுந்தபோது, மாலை நடையில் பேசியவரும் கைப்பற்றிப் பேசியவரும் இருக்கவில்லை.

முடிவுரை

'அக்கினிச் சிறகுக'ளின் இராமேசுவரப் பகுதியைச் சமய நல்லிணக்கத்தின் சான்றாக மட்டும் வாசிப்பது, அங்கே பேசியவர்களைப் பேச்சற்றவர்களாக ஆக்கிவிடுகிறது. உடை வேறுபட்ட இருவர் அருகருகே அமர்ந்திருக்கும் காட்சியைவிட, ஒரு மகன் தந்தையிடம் கேட்ட இரண்டாவது கேள்வி கனமானது. எல்லா வழியும் ஓரிடம் சேரும் என்பதை நம்பிய பின்னரும் அவனுக்குக் கேட்பதற்கு வினாக்கள் எஞ்சியிருந்தன. இறைவனை அணுக ஒருவர் வேண்டுமா, ஒருவர் மட்டும் மிக அணுக்கமாக இருப்பது எங்ஙனம், அவ்வணுக்கமுடையவரும் இறந்துபோனால் எஞ்சுவது எது என்பன அவை.

தந்தை இடையில் நின்றுகொண்டே இடைநிற்றலை மறுத்தார்; நண்பர் பிறருக்கு இடையாளாக இருந்து இறைவனிடம் நேர்நின்றார். நூல் இருவருள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. தாயுமானவரின் சமாதியும் குணங்குடியாரின் பிறந்த ஊரும் அமைந்த கடற்கரை நிலத்தில் இவ்வுரையாடலை வைத்துப் பார்க்கும்போது, அது ஒரு தனிமனிதரின் இளமை நினைவாக மட்டும் நில்லாமல் அம்மண்ணின் நெடிய வினாவொன்றின் தொடர்ச்சியாகவும் அமைகிறது. தொழுகை, துஆ, ஓதுதல் முதலிய கடற்கரை முஸ்லிம்களின் வழக்குச் சொற்களைக் கொண்டு அதனை மீண்டும் வாசிப்பது, ஆங்கிலத்தின் வழியே நம்மிடம் திரும்பி வந்த ஓர் உரையாடலை அதன் எளிய தமிழுக்கு அருகே கொண்டு செல்லும் பணியாகும்.